வேலம்மாள் நின்ற இடம்

ஜீயபுரத்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, முதியோர் இல்லம் கட்டப்போகிற மனைக்குப் பொறியாளர் அஃப்ஷீன் மறுநாளும் வந்தாள். மண் பரிசோதனைக்குப் போட்ட துளையில் ஒரு நாள் கழிந்த பிறகுதான் நீர்மட்டம் சரியாகத் தெரியும். டேப்பை இறக்கினாள். நாலடியில் தண்ணீர். அதற்குக் கீழே முழுக்க ஆற்று மணல். சம்மட்டி ஐந்து முறை விழுவதற்குள் குழாயை ஓரடி உள்ளே விட்ட மணல். பூமி குலுங்கினால், தண்ணீர் ஊறிய அந்த மணல் கஞ்சியாகிவிடும்.

பக்கத்து வயலில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த வேலம்மாள், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நேற்று தன்னிடம் கேட்டுப்போன பழைய வெள்ளத்தைப் பற்றி என்ன எழுதினாய் என்று விசாரித்தாள். நீங்கள் சொன்னபடிதான், முழங்கால் தண்ணீர் என்று எழுதியதாக அஃப்ஷீன் சொன்னாள். வேலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க நின்னு முழங்காலுன்னு கேட்டியா பாப்பா?"

"இங்கதானேம்மா?"

"இங்க நின்னிருந்தா ஒனக்குச் சேதி சொல்ல நான் இருப்பேனா? வெள்ளத்தன்னிக்கு எவ வயல்ல நிப்பா? அந்தா, வாய்க்கா கரை மேல நின்னேன். அங்க முழங்கா. இங்க வாழைக்குலையே முங்கிப்போச்சு. படிச்ச புள்ள, தண்ணிய அளந்தியே, காலு எங்க நின்னுச்சுன்னு கேக்கலியே."

அஃப்ஷீனுக்குக் காது மடல் சுட்டது. லெவல் கருவியை வைத்துப் பார்த்தாள். மனையைவிடக் கரை ஐந்தடி உயரம். அதன் மேல் முழங்கால். ஆள் முங்கும் வெள்ளத்தை ஒன்றரை அடி என்று வெள்ள அறிக்கையில் எழுதி, கையெழுத்தும் போட்டு, நேற்றே இல்லத்துக்காரருக்கு அனுப்பியாயிற்று. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது கீழ்த்தளம். திருச்சி தென்னூரில் இருக்கும் ஆபீஸ் வரும்வரை பஸ்ஸில் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

விஷயத்தைக் கேட்டு முதலாளி சுரேஷ்குமார் பதறவில்லை. நாளை மறுநாள் பூமி பூஜை, பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று, இப்போது போய் வெள்ளம் என்றால் அபசகுனம் என்றார். இன்று அனுப்ப வேண்டிய மண் அறிக்கையில் பூகம்பப் பத்தியையும் எடுத்துவிடச் சொன்னார்.

"திருச்சியில பூகம்பமாம்மா? மலைக்கோட்டை அசைஞ்சுடுமா?"

"மலைக்கோட்டை பாறை சார். நாம கட்டச் சொல்றது தண்ணி நிக்கிற மணல் மேல."

"கையெழுத்து உன்னோடது. தப்புன்னு நீயே சொன்னா உன் பேருதான் நாறும்."

"நாறட்டும் சார்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தன் அளவு தவறு என்றும், நேற்றைய கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும் இல்லத்துக்காரருக்கு மெயில் எழுதினாள். மண் அறிக்கையையும் அதோடு இணைத்தாள்; மணலைப் பற்றி ஒரு வரியும் குறைக்கவில்லை. அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் மேஜை மேல் போன் அடித்தது; இல்லத்துக்காரர்தான். சுரேஷ்குமார் எடுத்து, பதற்றமே வேண்டாம், டைப் அடித்ததில் சின்னப் பிசகு என்று குழைந்தார். அஃப்ஷீன் எழுந்து போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டைப் அடிச்சதுல பிசகு இல்லைங்க. நான் செஞ்ச தப்பு. கட்டில்ல கிடக்கிறவங்க தலைக்கு மேல தண்ணி நிக்கும். இப்ப இருக்கிற வரைபடத்தை வச்சுக் கட்டாதீங்க."

இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"நேத்து எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியும்" என்றாள் அஃப்ஷீன். "இனிமே உங்களுக்கும் தெரியும்."