நின்றபடி தேர்ந்த காற்சட்டை

ஒரு மனிதனைப் பற்றிய முடிவை அவனுடைய காற்சட்டையைக் கொண்டு எடுக்கலாகாது என்பதில் யோகராணிக்கு ஐயமில்லை. மற்றவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை தம் மகன் சுபேசன் அணிய வேண்டிய காற்சட்டையைத் தேர்வதற்கு, தாம் வசித்த புருசெத்திலிருந்து ஒஸ்லோ நகரின் நடுப்பகுதிக்கு அவர் நேரிலேயே புறப்பட்டார். முப்பத்து மூன்று வயதான மகனையும் உடன் அழைத்துச் சென்றார். அளவு பார்ப்பதற்கு அவன் தேவைப்பட்டான்.

சுபேசனும் மிதுனாவும் நான்கு ஆண்டுகளாக ஒருவரையொருவர் விரும்பி வந்தனர். அம்மருட்டில் வசிக்கும் மிதுனாவின் பெற்றோருக்கு அச்செய்தி சென்ற மாதந்தான் சொல்லப்பட்டது. தந்தை பரமநாதன் கோபப்படவில்லை. "ஆளை ஒருக்காப் பாப்பம். பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். பெற்றோரை அழவைத்துத் தொடங்கும் குடும்பத்தில் தான் இருக்கப் போவதில்லை என்று மிதுனா முன்பே சுபேசனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவர்கள் வேண்டாமென்றால் திருமணம் இல்லை.

பார்ப்பதற்கென்று தனியே ஒரு நாளை ஒதுக்கினால், மறுப்பு வரும்போது அது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். எனவே, பரமநாதனுடைய தந்தையின் ஆண்டுத் திவசத்துக்கு, மகளின் நண்பன் என்ற பெயரில், பலருள் ஒருவனாகச் சுபேசன் தனியே வருவதென்று ஏற்பாடாயிற்று. பந்தியில் ஒருவர் கூடினால் எவரும் கவனிக்கமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினர்.

"அம்மா, கறுப்பு ஜீன்ஸ் ஒண்டு வீட்டிலை கிடக்கு. அது காணும்" என்று கடை வாசலில் சுபேசன் கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தான்.

"திவசத்துக்கு ஜீன்ஸோ? விறகு கொத்தவோ போறாய்?"

விற்பனையாளர் யூலியன் மூன்று வகை வெட்டுகளை எடுத்துவந்து மேசைமேல் பரப்பினார். முதலாவது, இடுப்பில் இரட்டை மடிப்பு வைத்து, தொடையிலிருந்து பாதம் வரை அகலமாக விழுவது. இரண்டாவது, நேராக இறங்குவது. மூன்றாவது, தொடையைப் பற்றிக்கொண்டு கணுக்காலில் ஒடுங்குவது. இவ்வாண்டு எல்லோரும் வாங்குவது முதலாவதைத்தான் என்று கூறி, சான்றாகத் தம்முடைய காற்சட்டையையே யூலியன் காட்டினார். யோகராணி அதனை மேலும் கீழும் பார்த்தார்.

"உவர் போட்டிருக்கிறதைப் பார். உள்ளுக்கை இன்னொரு ஆளும் நிக்கலாம்" என்று மகனிடம் தமிழில் சொன்னார். "உன்ரை அப்பா எண்பத்தேழிலை உதைப் போட்டுக்கொண்டுதான் இந்த நாட்டு எயர்போட்டிலை வந்து இறங்கினவர். அதைக் கழட்டப் பண்ண எனக்குப் பத்து வருசம் எடுத்தது. திரும்பவும் நானே காசு குடுத்து வாங்கவோ?"

"இப்ப அதுதானம்மா ஸ்டைல்."

"அகதிக்கும் அதுதான் ஸ்டைல். மற்றதைப் போடு."

நேராக இறங்கியது வங்கி அலுவலரின் தோற்றத்தைத் தந்தது. கடன் மறுக்க வந்தவனைப் போல் இருக்கிறாய் என்று யோகராணி அதனையும் தள்ளினார். மூன்றாவதை அணிந்து சுபேசன் திரைக்கு வெளியே வந்தபோதுதான் அவருடைய முகம் மலர்ந்தது. கால்கள் நீண்டிருந்தன. வயிறு உள்ளே சென்றிருந்தது. அது காற்சட்டையின் சாதனையா, சுபேசன் அடக்கிய மூச்சின் சாதனையா என்பதைக் கண்ணாடி சொல்லவில்லை.

"தொடையிலை இறுக்குதம்மா."

"இறுக்கினால்தான் நிமிந்து நிப்பாய்."

"மூச்சு விட ஏலாமல் கிடக்கு."

"அங்கை போய் நீ மூச்சு விடத் தேவையில்லை. ஓம் அங்கிள், ஓம் அன்ரி எண்டால் காணும்."

யூலியன் தம் தொழில் முறைப்படி அவனை நடக்கச் சொன்னார், நடந்தான். முக்காலியில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தான். இந்நாட்டில் ஒருவர் உட்காருவது என்றால் முக்காலியின் உயரத்துக்கு உட்காருவதே. அதனினும் தாழ உட்காரும் வழக்கம் யூலியனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யோகராணிக்கு நியாயம் இருந்தது. எத்தனையோ திவசங்களுக்குச் சமைத்தவர் அவர். வீட்டில் எத்தனை கதிரைகள் இருந்தாலும் திவசப் பந்தி நிலத்தில்தான் இடப்படும் என்பதை அறிந்தவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுபேசன் புறப்பட்டான். புருசெத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் அம்மருட்டின் அடுக்குமாடிகள் தெரியும். ஆயினும் ரயிலில் போகிறவர் நகர்ப்பக்கம் சென்று, வேறு தடத்துக்கு மாறித் திரும்பி வர வேண்டும். இரண்டு ரயில்களிலும் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. துணி கசங்கக் கூடாதென்று அவன் இரண்டிலும் நின்றே சென்றான்.

கதவைத் திறந்த மிதுனா அவனை ஒரு கணம் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஏன் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? ஸ்லாப் ஆவ், ஆறுதலா நில்! அப்பா ஆக்களைக் கடிக்கிறேல்லை."

உள்ளே சோபாக்கள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. நிலத்தில் வெள்ளைத் துணி நீளமாக விரிக்கப்பட்டு, அதன் முன்னே வாழையிலைகள் வரிசையாக இடப்பட்டிருந்தன. படையல் முடிந்து, ஆண்கள் ஏற்கெனவே பந்தியில் அமரத் தொடங்கியிருந்தனர். பரமநாதன் எழுந்து வந்து, வந்தவனைப் பாதத்திலிருந்து தலை வரை பார்த்தார்.

"வாரும் தம்பி. திருத்தமாத்தான் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறீர்" என்றார். யோகராணியின் திட்டம் அந்த இடம் வரை ஒரு குறையுமின்றி நிறைவேறியது. "இதிலை, எனக்குப் பக்கத்திலை இரும்."

சுபேசன் இலைக்கு முன் நின்று உடலைத் தாழ்த்தினான். முழங்கால்கள் மடியத் தொடங்கின. பாதி வழியில் காற்சட்டை அவனைத் தடுத்து நிறுத்தியது. இரு கால்களும் சேரும் இடத்தில் நூல் ஒன்று விலகும் மெல்லிய ஓசை அவனுக்கு மட்டும் கேட்டது. நிமிர்ந்தான். அந்த நேரத்தில் மிதுனாவின் தாய் புஷ்பமலர் சோற்றுப் பாத்திரத்துடன் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"அன்ரி, தாங்கோ, நான் போடுறன்" என்று அவன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான்.

குனிவதற்கு அந்த வெட்டு ஓரளவு இடம் கொடுத்தது; கால் மடக்குவதற்குத்தான் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அவன் சோறு போட்டான். பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தான். அப்பளத்துக்குத் திரும்பி வந்தான். பந்தியில் இருந்த ஒருவர், "பரமநாதன், பொடியன் ஆர்?" என்று கேட்டார்.

"மிதுனாவோடை படிச்ச பொடியன்."

"படிச்ச பொடியன் கத்தரிக்காய் வைக்கிற வடிவைப் பாத்தால், இஞ்சையே வளந்த பொடியன் மாதிரிக் கிடக்கு."

பந்தி சிரித்தது. பரமநாதனும் சிரித்தார். சமையலறை வாசலில் பெண்கள் கூடி நின்று, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று வியந்தனர். அவனுக்குப் பசித்தது.

முதற்பந்தி எழுந்தது. கை கழுவி வந்த பரமநாதன், புதிதாக இட்ட இலையைக் காட்டி, "இனி நீர் இரும்" என்றார்.

சுபேசன் இலையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், பின்னர் சமையலறைப் பக்கம் பார்த்தான். "அன்ரியாக்கள் இன்னும் சாப்பிடேல்லை, அங்கிள். அவை முதல் இருக்கட்டும்."

அந்த வீட்டில் அத்தகைய வாக்கியம் அதுவரை சொல்லப்பட்டதில்லை. ஆண்களின் பந்திகள் அனைத்தும் முடிந்த பின், ஆறிய சோற்றைச் சமையலறையில் நின்றபடி உண்பதே பெண்களின் முறையாக இருந்தது. அதை எவரும் விதித்ததில்லை. ஆகவே எவரும் நீக்கியதுமில்லை. புஷ்பமலர் வேண்டாம் என்றார். மற்றப் பெண்கள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இலைக்கு முன் அமர்த்தினர்.

"பருப்பு காணுமோ, அன்ரி?"

அக்கேள்வியைப் பிறரிடம் கேட்டே பழகிய புஷ்பமலர் தம் இலையை ஒரு முறை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் விடும்" என்றார் பிறகு. மிதுனாவைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். தாயின் சம்மதம் கிடைத்துவிட்டது என்பது மிதுனாவுக்கு விளங்கியது.

ஆனால் பரமநாதனின் முகம் மாறியிருந்தது.

அவருடைய ஊரில், வீட்டுக்கு வந்து இனிமையாகக் கதைத்து, முற்றத்தில் நின்று எல்லா வேலைகளுக்கும் உதவி, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் விடைபெறும் மனிதர்கள் இருந்தார்கள். "இப்பதான் சாப்பிட்டனான்" என்பார்கள். அதன் பொருள் இரு தரப்புக்கும் தெரியும்: உங்கள் சாதியார் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. அந்தப் பழக்கத்தைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்துவிட்டதாகப் பரமநாதன் எண்ணியிருந்தார். இப்போது, இரண்டு முறை இருக்கச் சொல்லியும் இராமல், சிரித்த முகத்தோடு பரிமாறிக்கொண்டே இருக்கும் ஒருவன் அவருடைய வரவேற்பறையில் நின்றான்.

"தம்பி, இஞ்சை வாரும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கடை வீட்டிலை கை நனைக்கக் கூடாதெண்டு உம்மடை வீட்டிலை சொல்லி விட்டவையோ?"

ஒஸ்லோவில் பிறந்த சுபேசனுக்கு அது விளங்கவில்லை. "கை கழுவிப்போட்டுத்தான் பரிமாறினனான், அங்கிள்" என்றான்.

எவரும் சிரிக்கவில்லை. மிதுனா அவனருகே வந்து, தணிந்த குரலில், "எங்களைக் குறைவான ஆக்களெண்டு நினைச்சுத்தான் நீ சாப்பிடேல்லை எண்டு அப்பா நினைக்கிறார்" என்றாள். "ஏன் இருக்கேல்லை? சொல்லு."

அவன் பரமநாதனைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்தது கோபம் அல்ல, பழைய நோவு. காற்சட்டை, அவர்கள் சொல்லும் லோங்ஸ், இறுக்கம் என்று இப்போது சொன்னால், அதுவும் "இப்பதான் சாப்பிட்டனான்" என்பதைப் போன்ற இன்னொரு சாக்காகவே கேட்கும். நான்கு ஆண்டுகள் இந்த ஓர் இலைக்கு முன் வந்து நின்றன. சுபேசன் பருப்புப் பாத்திரத்தை இறக்கி வைத்தான். வெறும் இலைக்கு முன் வந்தான். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

புதிய துணி கிழியும் ஓசை, பழைய துணி கிழியும் ஓசையைவிடத் தெளிவானது. அது முன்புறம் தொடங்கிப் பின்புறம் சென்று, அவசரமின்றி முடிந்தது. பெண்களின் பந்தியில் கைகள் இலைகளின் மேல் அப்படியே நின்றன.

"இதுதான், அங்கிள், காரணம்" என்றான் சுபேசன், இரு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டு.

"லோங்ஸோ?"

"ஓம்."

"இவ்வளவு நேரமும் லோங்ஸோ?"

"ஓம், அங்கிள். அம்மா தெரிஞ்செடுத்தவ."

பரமநாதன் முதலில் ஒரு கையால் வாயை மூடிப் பார்த்தார்; இயலவில்லை. தந்தையின் திவச நாளில் இப்படிச் சிரிக்கலாகாது என்று அறிந்திருந்தும், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பின்னர் அறைக்குள் சென்று தம்முடைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கிழிந்ததைக் குளியலறையில் விட்டுவிட்டுத் திரும்பிய சுபேசனின் இலையில் மிதுனா சோறு போட்டாள். அவன் சாப்பிடத் தொடங்கினான்.

"எனக்குச் சம்மதம்" என்றார் பரமநாதன், அவனருகே நின்றபடி. மகளின் நண்பன் என்ற ஏற்பாட்டை அவர் அடியோடு மறந்துவிட்டார்; பந்தியோ அதை முன்பே நம்பவில்லை. "பொடியன் எங்கடை வீட்டுப் பொடியன். முடிஞ்சுது கதை."

"முடியேல்லை" என்றார் புஷ்பமலர்.

எல்லோரும் திரும்பினர். அவர் தம் இலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப, எங்களை முதல் இருக்கட்டும் எண்டு நீர் சொன்னதும் லோங்ஸாலைதானோ?"

சுபேசன் கவளத்தை விழுங்கினான். மிதுனா அவனைப் பார்த்த பார்வையில் எவ்விதக் குறிப்பும் இல்லை. உண்மையை மட்டும் எதிர்பார்க்கும் பார்வை அது.

"ஓம், அன்ரி."

"நான் உம்மடை குணமெண்டெல்லோ நினைச்சன்."

"இப்ப அதுக்கென்ன, புஷ்பம்?" என்று பரமநாதன் குறுக்கிட்டார்.

"உங்களுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் சூட்டோடை சாப்பிட்டிட்டியள்." புஷ்பமலர் சுபேசன் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். அந்த லோங்ஸ் இல்லையெண்டால் என்ன செய்திருப்பீர்?"

"இருந்து சாப்பிட்டிருப்பன், அன்ரி. அன்ரியாக்கள் சாப்பிடேல்லையெண்டு நினைச்சும் பாத்திருக்கமாட்டன்."

புஷ்பமலர் தம்முடைய வெறும் இலையை முன்னால் நகர்த்தினார்.

"இப்ப சாரத்தோடை இருக்கிறீர். இனி உம்மை ஒண்டும் தடுக்கேல்லை. எங்களுக்குச் சோறு முடிஞ்சுது."

சுபேசன் பாதிச் சாப்பாட்டை விட்டு எழுந்தான். கை கழுவினான், சோற்றுப் பாத்திரத்தை எடுத்தான், புஷ்பமலரின் இலையில் தொடங்கி வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனான். சாரம் ஒரு முறை நழுவப் பார்த்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டு அடுத்த இலைக்குச் சென்றான். வரிசையின் முடிவை அடைந்ததும், எவரும் சொல்லாமலே திரும்பி வந்து, "போதுமோ, அன்ரி?" என்று கேட்டான்.

"சோறு போதும்." அவர் சோற்றின் நடுவில் குழி செய்தார். பின்னர் கணவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஏன் சும்மா நிக்கிறியள்? ரசம் உங்கடை பக்கத்திலைதான் கிடக்கு. அதை எல்லாருக்கும் விட்டுப்போட்டு, கலியாண ஹோலுக்கு ரெலிபோன் எடுங்கோ. கோடையிலை சனிக்கிழமைகள் எல்லாம் முந்தின வருசமே பதிஞ்சு முடிஞ்சுபோம். ஐப்பசியிலையெண்டாலும் ஒரு நாள் கிடைக்குதோ எண்டு கேளுங்கோ."

மிதுனா கண்களைத் துடைத்துக்கொண்டாள். பரமநாதன் ரசப் பாத்திரத்தைத் தூக்கினார். அகப்பை எங்கே என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் பந்தியில் இருந்தார்கள்.