மச்சான் வைனும் மறுநாள் தலையும்

சுதிக்காரருக்குத் தலைவலி வருவது திங்கட்கிழமையில். எல்லாத் திங்களும் அல்ல, மாதத்தில் ஒன்று. அதற்கு முந்தின ஞாயிறு மாலை ரொட்டிக்கடை மச்சான் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டோடு மச்சான் தன் கையாலேயே போட்ட திராட்சை வைன். மறுநாள் காலையில் சுதிக்காரர் கண்ணைத் திறந்தால் வெளிச்சம் ஆணியாக இறங்கும்.

பியானோவுக்குச் சுதி சேர்ப்பது அவர் தொழில். தலைவலியோடு செய்யக்கூடிய தொழில்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு, இது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே கட்டையை டொங், டொங், டொங் என்று தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே தந்தியை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு மறுபடியும் தட்டவேண்டும். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படித் தட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் பியானோ மூடியின்மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்துவிட்டார். ஏதோ நுட்பமாகக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்த ஆசிரியை, "சத்தம் போடாதீங்க, சார் கவனிக்கிறார்" என்று பிள்ளைகளை அடக்கினார். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு பயபக்தியோடு நின்றார்கள். சுதிக்காரர் அந்த மரியாதையை மறுக்கவில்லை. மறுக்கத் தலையைத் தூக்கவேண்டுமே.

குடிக்காமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு விஷயம் தெரியாது. மச்சான் என்பவர் அவர் மனைவியின் அண்ணன். தங்கை கல்யாணத்துக்கே வராதவர். "கட்டையத் தட்டிக்கிட்டுத் திரியறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டுத் தங்கையோடு பேச்சை நிறுத்தினார். தங்கை மட்டும் சளைத்தவளா? அவளும் நிறுத்தினாள். பேருந்தில் ஏறினால் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் அண்ணன் கடை வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேறு கடையில் ரொட்டி வாங்கி, ஒவ்வொரு தடவையும் நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் மச்சான் வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு பாட்டிலோடு. தங்கையைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, சும்மா போட்டுப் பாத்தேன். ருசி எப்படின்னு சொல்லுங்க" என்றார். சுதிக்காரர் ஒரு வாய் குடித்தார். நாக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். "பிரமாதம் மச்சான்!" என்றார். அவர் அதுவரை சொன்ன பொய்களில் உருப்படியாகப் பலன் கொடுத்தது அது ஒன்றுதான். அண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்தார், தங்கை தட்டு வைத்தாள். அவர் போனபிறகு அவள் சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல், "மாப்பிள்ளை, வைன் ரெடி" என்று அழைப்பு வந்துவிடும். அந்த வைன் நின்றால் அழைப்பும் நின்றுவிடுமோ என்பதுதான் சுதிக்காரரின் பயம். மனைவி மறுபடியும் அந்த வேறு கடை ரொட்டியைச் சாப்பிடுவதைப் பார்க்க அவரால் முடியாது.

ஆகவே வைனை விடக்கூடாது, தலைவலியைத்தான் விரட்டவேண்டும். அதற்குத் தன் தொழில்முறையையே கையில் எடுத்தார். பியானோவில் ஒரு கட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று தந்திகள் இருக்கும். ஒன்றைத் திருப்பும்போது மற்றவற்றைக் கம்பளித்துண்டு செருகி அடக்கிவைப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பினால் எது சரி, எது கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாது. தலைவலிக்கும் அதே சட்டத்தைப் போட்டார். மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம், மற்றதெல்லாம் அப்படியே.

முதல் தடவை, ஒவ்வொரு கிளாஸ் வைனுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர். கழிப்பறைக்கும் மேஜைக்கும் நடந்தே பாதிச் சாப்பாடு ஆறிப்போனது, காலையில் வலியும் வந்தது. அடுத்த தடவை தண்ணீரை நிறுத்திவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டபிறகு குடித்தார். அதற்கடுத்த தடவை சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். மாப்பிள்ளை ரசித்துக் குடிக்கிறார் என்று பூரித்துப்போன மச்சான் இன்னொரு பாட்டிலைத் திறந்தார்.

"தண்ணியும் குடிச்சு, சாப்பிட்டும் குடிச்சு, மெதுவாவும் குடிச்சா என்ன?" என்று மனைவி கேட்டாள். "எல்லாத்தையும் சேத்துச் செஞ்சா சாமி கோவிச்சுக்குமா?"

"அப்புறம் எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? புஸ்தகம் போடப்போறீங்களா? சரி, கொஞ்சமா குடிச்சுப் பாருங்களேன்."

"அளவ மாத்தினா சோதனையே கெட்டுப்போயிடும்."

இப்படிப்பட்ட அறிவாளியோடு யார் மல்லுக்கு நிற்பது? அவள் ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அந்த வைன் வாடையே ஆகாது, ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

கடைசியில் தெருமுனை மருந்துக்கடை அம்மாவிடம் போனார். வைனுக்கு முன்னாலேயே ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன என்பது அவருடைய புது யோசனை.

"குடிக்கிறதோட மாத்திரையா? தலை போதாதுன்னு வயித்தையும் கெடுத்துக்கணுமா?" என்று அந்த அம்மா அதட்டினார். "யார் போட்ட வைன்?"

"என் மச்சான். ரொட்டிக்கடை வச்சிருக்கார். ரொட்டிக்குப் போடுற ஈஸ்டையே கை நிறைய அள்ளிப் போடுவார். ஜாடி அடுப்புக்குப் பக்கத்துலயேதான் இருக்கும். சூட்டுல சீக்கிரமா பொங்கணுமாம்."

"அவர் வைன் போடலீங்க, மாவு பிசையறார்." அந்த அம்மா சிரித்தார். "கடையில வாங்கின வைன் குடிச்சாலும் வலிக்குதா?"

"இல்லையே."

"அப்ப மருந்து உங்க கையிலதான் இருக்கு. அவர் ஊத்த வரும்போது கிளாஸக் கவுத்து வையுங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த மாதத்துத் திங்கட்கிழமை, ஊரின் பெரிய அரங்கத்தில் சுதிக்காரருக்கு வேலை. சாயங்காலம் கச்சேரி, காலையில் அவர் போய்ப் பியானோவைத் தயார் செய்யவேண்டும். அங்கே மூடிமேல் தலையை வைத்துப் படுத்தால் கவனிக்கிறார் என்று ஒருவரும் நினைக்கப்போவதில்லை. ஞாயிறு மாலை பேருந்தில் மனைவியிடம், இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்றார்.

ஏதாவது கிண்டலாகப் பதில் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள். "சொல்லுங்க. ஆனா நான் சமையலறையில இருக்கும்போது சொல்லுங்க. அண்ணன் எழுந்து போயிட்டா என்னால பாக்க முடியாது."

மேஜையில் புது ரொட்டியும் வறுத்த கோழியும் இருந்தன. மனைவி சொன்னபடியே சமையலறைக்குள் புகுந்து இல்லாத வேலையைத் தேடிக்கொண்டாள். மச்சான் பாட்டிலோடு வந்து, முதல் கிளாஸை நிரப்பிவிட்டுத்தான் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார்.

"மச்சான்," என்றார் சுதிக்காரர், "எனக்கு வேணாம். இதக் குடிச்சா மறுநாள் தலை வலிக்குது. கொஞ்சமா இல்ல, மண்டை பொளந்துபோகுது. ஒவ்வொரு மாசமும்."

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அப்போது மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மச்சானின் மனைவி நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்றார்.

"என்ன அப்பாடா?" என்று மச்சான் சீறினார்.

"தம்பியாவது வாயத் திறந்தாரே! திங்கக்கிழமை விடியக்காலையில தலையில துண்டக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னால முனகறது யாரு? போன மாசம் உப்புன்னு சக்கரைய அள்ளிப் போட்டு ஒரு அடுப்பு ரொட்டியும் வீணாச்சே, அது யாரு?"

சுதிக்காரர் வாயைப் பிளந்தார். "உங்களுக்கும் வலிக்குதா? அப்புறம் எதுக்கு மச்சான் போடறீங்க?"

"நீங்கதானே பிரமாதம்னீங்க!" என்று மச்சான் அவர்மேல் பாய்ந்தார். பிறகு குரல் இறங்கியது. ரொட்டித் துணுக்கு ஒன்றை எடுத்து விரலால் உருட்டினார். "வேற எதச் சொல்லிக் கூப்பிடுவேன் மாப்பிள்ளை? கல்யாணத்துக்கு வராதவன். தங்கச்சி, வீட்டுக்கு வான்னு சொல்ல எனக்கு ஏது மூஞ்சி? வைன் ரெடின்னா உங்களக் கூப்பிடலாம். நீங்க வந்தா அவளும் வருவா."

சமையலறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நேராக மேஜைக்கு வந்து, நிரப்பி வைத்திருந்த கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் கட்டியது. பாட்டிலைச் சாய்த்து இன்னொரு கிளாஸ் ஊற்றி அதையும் குடித்தாள்.

"தூ! இவ்வளவு கேவலமா இருக்கு!" என்றாள். "இந்தக் கண்றாவியக் குடிச்சாத்தான் என்னைப் பாக்க முடியும்னு ரெண்டு பேரும் குடிச்சீங்களா? அறிவு வேணாம்?" திட்டிக்கொண்டே அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மச்சான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோழியைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சுதிக்காரர் தெளிந்த தலையோடு எழுந்தார். மனைவி எழவில்லை. ஈரத்துணிக்கு அடியிலிருந்து, திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னாள். அவர் மூடினார். கருவிப்பையை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குக் கிளம்பும்போது அவளுடைய போன் அடித்தது. அவர் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பாப்பா! தலை வலிக்குதா?" மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக மச்சான் கத்தியது அறை முழுவதும் கேட்டது. அந்தப் பாப்பாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. "தண்ணி நிறையக் குடி. ஏதாவது சாப்பிட்டியா?"

"கத்தாத அண்ணா, உயிர் போகுது."

"சரி சரி, வச்சிடறேன். படுத்துக்கோ."

சுதிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, அந்தப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"வைக்காத," என்றாள். "அப்புறம்?"