யாரும் பார்க்காத இடம்

என் மகன் நல்லவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவனைத் திட்டத்தான் போகிறேன்.

பேருந்து நிலையத்தில் நான் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்வது என் வேலை. எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் முறை காதில் வாங்காதவர் ஒருவராவது இருப்பார். மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவன் அப்பா போய்விட்டார். இந்தக் குரலை வைத்துத்தான் அவனை ஆளாக்கினேன்.

நிலையத்து வாசலில் ஒருவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைப்போலத் துணையை இழந்தவர். ஒருநாள் என் அலமாரிப் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, "உங்க குரல் கேட்டாத்தான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்குங்க" என்றார். பிறகு என்ன, ஒரு டீ, இன்னொரு டீ. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் எனக்குப் பல் கொட்டியிருக்கும்.

மகனிடம் சொன்னேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு ஒரு காலையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அம்மா, தீவுல வச்சுக்கலாம்மா! இப்பல்லாம் அதான் ஸ்டைல். கடல், மணல், தென்னை மரம்... எல்லாம் என் பொறுப்பு. நீ வந்து இடத்தைப் பார்த்துக் கை காட்டினாப் போதும்."

நான் உருகிப்போனேன். அடுத்தவர் பயணத்தையே சொல்லிச் சொல்லிக் காலம் தள்ளியவளுக்கு ஒரு தீவு! எனக்கிருந்த ஒரே பயம் அக்கா. அவளுக்கு வாய் நீளம், பாசமும் அதே நீளம். என் கணவர் போன பிறகு என்னையும் மகனையும் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். அவள் முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது.

"பெரியம்மாகிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன். நீ பேசினா சண்டையில முடியும்" என்றான். பிள்ளை நமக்காக முன்னால் நிற்கிறானே என்று விட்டுவிட்டேன். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அது ஒன்று போதும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவனும் மண்டையை மண்டையை ஆட்டினான்.

இடம் பார்க்க நான்கு பேர் போனோம். நான், பூட்டுக்காரர், மகன், மருமகள். படகு கிளம்பியதுமே பூட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மகனுக்கு அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று இன்னும் பிடிபடவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டுவதென்றால்கூடத் தொண்டையைச் செருமுவான். அவரும் பாவம், செருமல் கேட்டால் தன்னைத்தான் என்று திரும்பப் பழகிவிட்டார்.

தீவின் படகுத்துறையில் இறங்கியபோதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காரணம் மகன் இல்லை, அங்கே ஒலிபெருக்கியில் பேசிய ஆள். எந்தப் படகு, எந்தப் பக்கம், ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக அங்கும் இங்கும் ஓடினார்கள்.

"அத்தை, லீவுல வந்திருக்கீங்க" என்று மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கல்யாண ஏற்பாடு செய்யும் பெண் ஒருத்தி வண்டியோடு காத்திருந்தாள். சுறுசுறுப்பான பெண், பேச்சில் தேன். முதலில் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனாள். தோப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவில் கைக்குட்டை அளவு கடற்கரை.

"இங்கே வெளியாள் யாருமே வர முடியாது மேடம்" என்றாள்.

"அருமை!" என்றான் மகன்.

"அக்காவுக்கு முட்டி வலி. இந்தப் பாறையில எப்படி இறங்குவா?" என்று கேட்டேன்.

"பார்த்துக்கலாம்மா."

இரண்டாவது இடம் தண்ணீருக்கு மேலேயே கட்டிய மரமேடை. சின்னத் தோணியில்தான் போக வேண்டும். பூட்டுக்காரர் கரையிலேயே நின்று, "நீங்க பார்த்துட்டு வாங்க, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். மேடையில் ஆறு நாற்காலி போட்டாலே கால் நீட்ட இடமில்லை. நிலையத்துக்காரர்கள் பாதிப் பேர் கடலில் நின்றுதான் வாழ்த்த வேண்டும்.

"நம்ம சனம் எங்கேடா உட்காரும்?"

"பார்த்துக்கலாம்மா."

மூன்றாவது ஒரு குன்றின் மேல் கண்ணாடி மண்டபம். உண்மையைச் சொல்கிறேன், அழகுதான். மூன்று பக்கமும் கடல் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியே எல்லாம் தெரியும் மேடம், வெளியே இருக்கிறவங்களுக்கு உள்ளே ஒண்ணும் தெரியாது. சார் ஃபோன்ல கேட்டாரே, யார் கண்ணிலும் படாத இடமா வேணும்னு. இதைவிட ஒளிவா இந்தத் தீவுல இல்லை" என்றாள்.

மகன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. அக்கா.

"என்னடி, டூர் எப்படி இருக்கு? உன் பிள்ளைக்கு ஆபீஸ்ல ஏதோ பரிசு விழுந்துச்சாம், அடுத்த மாசமும் ஒரு தடவை போறீங்களாமே! அனுபவி. பாழாப்போன அந்த மைக்கைக் கட்டிட்டு எவ்வளவு நாள் அழுதே. தண்ணியில ரொம்ப உள்ளே போகாதே. எனக்குச் சங்கு கிங்கு கிடைச்சா எடுத்துட்டு வா."

"சரிக்கா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நிலையமே இரைந்தாலும் தடுமாறாத குரல், ஒரு வார்த்தையோடு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. யாருக்காக என்று அப்போது தெரியவில்லை.

"பெரியம்மாகிட்ட பக்குவமா பேசிட்டியா?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோம்மா. ஊர்ல வச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. பெரியம்மா குதிப்பாங்க. இவ வீட்டுல என்ன நினைப்பாங்க? இங்கே அமைதியா முடிச்சுட்டுப் போயிட்டா, அப்புறம் மெதுவா..."

"மெதுவா?"

"மெதுவா தெரிஞ்சுக்கட்டும்."

மருமகள் பையைத் தரையில் வைத்தாள். "எங்க வீட்டை ஏன் இழுக்கிறீங்க? எங்கம்மாகிட்ட சொல்லாதேன்னு என் வாயைக் கட்டினதே நீங்க. சொல்லியிருந்தா முதல் ஆளா வந்து நின்னிருப்பாங்க. அத்தை, பெரியம்மாவுக்குத் தெரியாதுன்னு சத்தியமா எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஏற்பாட்டுப் பெண் மெல்ல நகர்ந்து, கண்ணாடிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அவளுக்கு உள்ளே ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் காதில் விழுந்திருக்கும், அந்த அளவுக்குக் கத்தினேன்.

"நான் என்னடா திருடிட்டு வந்த சாமானா, ஒளிச்சு வைக்கிறதுக்கு? பட்டப்பகல்ல, ஊரே கேட்க மைக்ல பேசித்தான் உன்னை வளர்த்தேன். உன் பரீட்சை ரிசல்ட்டைக்கூட மைக்ல சொல்லித் திட்டு வாங்கினேன். என் கல்யாணம் மட்டும் காதோட காதா இருக்கணுமா? தீவு, தென்னை மரம்னு என் காதுல பூ சுத்தினியே, உனக்கு மனசு எப்படிடா வந்துச்சு?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"என் நல்லது எனக்குத் தெரியும். உனக்கு வெட்கமா இருக்குன்னு நேராச் சொல்லு, அதையாவது மதிப்பேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். இவன் முன்னால் அழக் கூடாது என்ற வீம்பு.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ஒரு மாறுதலுக்கு அவர் செருமினார். "எனக்கு ஒளிஞ்சுக்க வராதுங்க. கடையே ரோட்டு மேலதான் இருக்கு. இந்தத் தீவே வேண்டாம்னாலும் சரி, ஊருக்குப் போயிடலாம்."

"ஏன் வேண்டாம்? தீவு என்ன பாவம் பண்ணிச்சு? இங்கேதான் நடக்கும். இடத்தை மட்டும் நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

திரும்பி வரும்போது படகுத்துறையில் வண்டி நின்றது. இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். காலையில் கோபத்தில் கண்ணிலேயே படவில்லை. நீளமான கொட்டகை, நான்கு பக்கமும் திறப்பு. நீலச் சாயம் உரிந்த தூண்கள், வரிசையாக மர பெஞ்சுகள். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது. மீன் கூடை, சைக்கிள், பள்ளிக்கூடப் பை, கைக்குழந்தை என்று தீவுக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் இதற்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

"இந்த இடம்" என்றேன்.

ஏற்பாட்டுப் பெண்ணின் தேன் வற்றிவிட்டது. "மேடம், இது... இங்கே எல்லாரும் பார்ப்பாங்க!"

"அப்பாடா, உங்களுக்காவது புரிஞ்சுதே."

"அம்மா, பைத்தியமா உனக்கு?" என்றான் மகன்.

நான் டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டேன். உள்ளே பருத்த மனிதர் ஒருவர், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மைக் முன்னால் இருமிக்கொண்டிருந்தார். காலையில் நான் மனதுக்குள் திட்டியது இவரைத்தான். ஜன்னலில் கூட்டம் மொய்த்து, எந்தப் படகு, எந்தப் பக்கம் என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"தொண்டை கட்டிப்போச்சும்மா. பத்து நாளா ஓட்டுறேன்" என்றார் கரகரவென்று.

கொட்டகையைக் கல்யாணத்துக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவெல்லாம் இங்கேதான் நடக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலைப் படகு வந்துவிட்டால் மாலை வரை கொட்டகை சும்மாதான் கிடக்கும், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், யார் வீட்டுக் கல்யாணம் என்றார்.

"என் கல்யாணம்."

அவர் என் நரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு, இருமலில் முடிந்தது.

"நீங்க உட்காருங்க, மைக்கைக் கொடுங்க" என்று கதவைத் திறந்து உள்ளே போய், படகு நேரங்களையும் துறையையும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அக்காவின் எண்ணை அழுத்தினேன். அவள் "என்னடி, சங்கு கிடைச்சுதா?" என்றதும், "அக்கா, வச்சிடாதே, பேசாமக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை மைக் பக்கத்தில் வைத்தேன். குரல் நடுங்கவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாலை நாலரை மணிப் படகு, இடதுபுறத் துறையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக ஏறவும்."

கூட்டம் அப்படியே இடது பக்கம் திரும்பி நடந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"மற்றும் ஓர் அறிவிப்பு. வருகிற மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிப் படகு வந்து சேர்ந்ததும், இதே கொட்டகையில் ஒரு கல்யாணம் நடைபெறும். மணப்பெண் நான். வயது ஐம்பத்து மூன்று. மாப்பிள்ளை, அதோ தூணோரப் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருப்பவர். படகில் வரும் அனைவரும் வரலாம். என் அக்கா முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியில் குரல் உடைந்தது. உடையட்டும்.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பூட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். மகன் தலையில் கை வைத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வேறு பெஞ்சில் இடமில்லை. மருமகள் கைப்பேசியை எடுத்து, "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்திருந்தாள். மீன் கூடைக்காரி ஒருத்தி ஜன்னலுக்கு வந்து, "சாப்பாடு உண்டா?" என்று கேட்டாள். "உண்டு" என்றேன். அதுவும் மைக்கில் போய்விட்டது.

கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தேன். அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் திட்டினால் திட்டட்டும், ஆனால் வைத்துவிடக் கூடாதே என்று கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அக்கா?"

"படகு எத்தனை மணிக்குன்னு சொன்னே?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கடல் இரைச்சல்ல சரியா விழலை. திருப்பிச் சொல்லு."

கைப்பேசியை மறுபடி மைக் பக்கத்தில் வைத்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன்.