வலப்பக்கத்துக் கைப்பிடி

வெளியே பாடைக்கு மூங்கில் வெட்டி முடிப்பதற்குள், கோவர்த்தனன் மெஷினின் மேல் கிடந்த கோணியை இழுத்துப் போட்டான். கூடத்தில் கிடத்தியிருந்தது அவனுடைய கூடப்பிறந்த தம்பி முனிகிருஷ்ணனை. தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சுலோசனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் செத்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

"மாட்டு வண்டி சொல்லிக்கீறேன். இவனை எடுத்ததும் இதை ஏத்திகினு போய்டணும்."

"திருத்தணிக்கா மாமா?"

"பின்ன? அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி திருத்தணி மதராஸோட சேர்ந்துடுது. உங்க கார்வேட்டிநகரம் ஆந்திராவுல நிக்கிது. அப்புறம் எல்லைக் கோட்டைத் தாண்டி இரும்பு எடுத்துகினு போனா வழியில நிறுத்தி காயிதம் கேப்பான்."

எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஏழு வருஷமாகச் சண்டை போட்டவர்களுக்குக்கூட இத்தனை அவசரம் இருந்திருக்காது. சுலோசனா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

"உன்னை இன்னா கேக்கறது? பொம்பளை உக்கார்ற எடமா அது?"

சிவப்புக் கல்லுக்குச் சாணை பிடித்து மெருகேற்றும் சீமை மெஷின் அது. எந்தக் காலத்திலோ ஜமீனுக்காக வாங்கியது. பழைய இரும்போடு துருவேறிக் கிடந்ததை முனிகிருஷ்ணன் தூக்கி வந்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துரு சுரண்டி, உடைந்த பல்சக்கரத்துக்குப் புத்தூரில் பல் வைத்து, செம்புத் தட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தான். எட்டு மாதம் ஆயிற்று. கல்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டிருந்ததால் எல்லாவற்றையும் இருமிக்கொண்டேதான் செய்தான். நேற்று சாயங்காலம் முடித்துவிட்டு, "காலையில பாக்கலாம்" என்று அவளுக்குக் காட்டாமல் கோணியைப் போட்டு மூடினான். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றது. இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்தவன் இன்னும் ஒரு வேளை பொறுத்திருக்கக் கூடாதா என்று சுலோசனாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

கோவர்த்தனனுக்கும் கல் வேலைதான். மெஷின் முன்னால் பலகையில் உட்கார்ந்தான். இடது கையால் கைப்பிடியைச் சுற்றி, வலது கையால் கல்லைத் தட்டில் பிடிப்பதுதான் வழக்கம். அவன் இடது கை கைப்பிடியைத் தேடியது. அங்கே இல்லை. வலப்பக்கத்தில் இருந்தது.

"பாவம், கடைசியில புத்தி பெசகிடுச்சி. மாத்தி மாட்டி, ரிவிட் வேற அடிச்சிக்கீறான்," என்றான். "போவட்டும், திருத்தணியில அறுத்து மாத்திக்கலாம்."

வேலைக்குக் கல் அனுப்பும் திருப்பதி நகைக்கடையிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்த சிட்டிபாபு வாசற்படியில் நின்று தலையசைத்தார். "தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா ரெண்டு வருஷமா அவர் கொடுத்த கல்லு மாதிரி நான் பாத்ததே லேது."

சுலோசனா கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடதுகைக்காரி. கல்யாணமான புதிதில் பந்தியில் அவள் இடது கை நீண்டதற்கு, கோவர்த்தனன் பெண்டாட்டி ஜெயம்மா இலையை மடக்கிவிட்டு எழுந்து போனவள். பரிமாறுவதைச் சுலோசனா வலது கைக்குப் பழக்கிக்கொண்டாள். கல் மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை. முனிகிருஷ்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபின், கதவைச் சாத்திக்கொண்டு அவனுடைய சின்னச் சாணையில் அவள்தான் உட்கார்ந்தாள். கைப்பிடி இடப்பக்கம், கல் பிடிக்கவேண்டியதும் இடது கை. தோப்புக்கரணம் போடுகிறவள் மாதிரி இரண்டு கையையும் குறுக்கே போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் தேய்த்தாள். ராத்திரியில் தோள் கழன்றுவிடும் போல வலிக்கும். அவன் பார்த்துக்கொண்டிருப்பான். போன மாதம் ஒரு நூலை எடுத்து அவளுடைய வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தான். "ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தாள். "ஆமா" என்றான்.

"மாமா, எழுந்திருங்க."

"இன்னாது?"

"அது தப்பா மாட்டினது இல்ல. எனக்கு மாட்டினது."

அவள் குரலைக் கேட்டு அவன் எழுந்துவிட்டான். சுலோசனா பலகையில் உட்கார்ந்தாள். ஜெயம்மா ஓடிவந்தாள்.

"பொணம் வூட்ல கீதுடி. சக்கரம் சுத்தக் கூடாது."

"தெரியும்க்கா."

அரக்குக் குச்சியில் ஒட்டிய சிவப்புக் கல் ஒன்று தயாராக இருந்தது. அதையும் முனிகிருஷ்ணன் இடப்பக்கமாகவே செருகி வைத்திருந்தான். தட்டில் தண்ணீர் தெளித்து, சாணை பிடிக்கும் குருந்தப் பொடி தூவினாள். வலது கையை நீட்டியதும் கைப்பிடி உள்ளங்கைக்குள் வந்தது. தோள் நோகவில்லை. சக்கரம் கரகரவென்று கிளம்பி, பிறகு சீராக ஓடியது. தெருவில் மூங்கில் கட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சாமி நகைக்குப் போற கல்லு," என்றான் கோவர்த்தனன். "பீச்சாங்கையில தொடறியா?"

"ரெண்டு வருஷமா தொட்டுகினுதான் கீறேன். அம்மன் பதக்கத்துல கீற கல்லெல்லாம் இந்தக் கைதான். அவ எதையாச்சும் கழட்டிப் போட்டாளா?"

சிட்டிபாபுவிடம் குச்சியை நீட்டினாள். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றார். அவர் வேண்டாம் என்றால் மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லை என்று சுலோசனாவுக்குத் தெரியும். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இதே கைதான்," என்றார் அவர் கடைசியில். குச்சியைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவர் ஒரு கணம் தயங்கி, அவளுடைய இடது கையில் வைத்தார். "மீதிக் கல்லை எப்போ அனுப்பட்டும் அம்மா?"

"காரியம் முடிஞ்ச மறுநாள்."

கோவர்த்தனன் துண்டை உதறித் தோளில் போட்டான். "வண்டி வந்து நிக்கிது."

"திருப்பி அனுப்புங்க மாமா. கோடு எங்க வேணா போவட்டும். மெஷின் இங்கதான் நிக்கும்."

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். சுலோசனா கை கழுவாமலே எழுந்து வந்தாள். விட்ட வேகத்தில் சக்கரம் பின்னால் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயம்மா அரிசித் தட்டை அவளுடைய வலது கைக்கு நேராக நீட்டினாள். சுலோசனா இடது கையைக் கொண்டுபோனாள். ஜெயம்மா தட்டை அந்தக் கைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள்.

அரிசியோடு விரலில் இருந்த ஈரச் சாணைப்பொடியும் முனிகிருஷ்ணனின் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டது. அதை யாரும் துடைக்கவில்லை.