சின்னக் கதவைத் திறந்த ஜின்

ஸுலைம் ஒன்பதாவது கோப்பைக் கஹ்வாவை, எங்கள் ஏலக்காய்க் காப்பியை, குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் கோப்பை என்பது ஒரு மடக்குக்கு மேல் தாங்காது. ஆனாலும் ஒன்பது என்பது மரியாதை இல்லை. மூன்றோடு கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றுகிறவன் ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கோட்டை வாசலில் முப்பத்தொரு வருஷமாக ஊற்றுகிறவன் நான்தான்.

எங்கள் மலையில் இரண்டு பேர் சந்தித்தால், ஸலாமுக்குப் பிறகு ‘என்ன சேதி’ என்று கேட்பது முறை. ‘சேதி ஒன்றுமில்லை’ என்று பதில் சொல்வதும் முறை. உண்மையான சேதி இருந்தால் அதைக் கஹ்வா முடிந்து கோப்பையை ஆட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பக்கத்து வீட்டு ஹிலால் ஒருநாள் வந்து, சேதி ஒன்றுமில்லை என்று உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று, மூன்று கோப்பை குடித்து, கோப்பையை ஆட்டிவிட்டு, கூரை எரிகிறது என்றான். என்னுடைய கூரை. நெருப்பும் எங்கள் மலை நெருப்புதான். நாங்கள் குடித்து முடிக்கும்வரை இரண்டாவது அறைக்குள் நுழையாமல் காத்திருந்தது.

ஆகவே ஸுலைம் ‘சேதி ஒன்றுமில்லை’ என்றதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது கோப்பை முடிந்ததும் ஆட்டினான். நான் அவன் வாயைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்தான். பிறகு எழுந்து, வரேன்டா கல்ஃபான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கோப்பையை ஆட்டிவிட்டுச் சேதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒருவன் எழுந்து போவதை என் எழுபத்து நான்கு வயதில் நான் கண்டதில்லை. காணாததால், நிஜமாகவே சேதி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். என் பிசகு அதுதான்.

கோட்டையில் சாவி அவனிடம், வாய் என்னிடம். அவன் கதவைத் திறப்பான், வருகிறவர்களுக்கு நான் கதை சொல்வேன். ஆள் வராத மத்தியானங்களில் இருவரும் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு புதுப்பொய் கட்டுவோம். பொய்யைக் கட்டுகிறவன் நான். அது நிற்குமா என்று உதைத்துப் பார்க்கிறவன் அவன். பீரங்கிக் குண்டு ஒன்று மலையைச் சுற்றிவந்து சுட்டவன் முதுகிலேயே விழுந்தது என்று நான் கட்டியபோது, நடுவில் அது ஜும்ஆ தொழுகைக்காகக் கொஞ்ச நேரம் நின்றது என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னவன் ஸுலைம். அப்போதுதான் நம்புவார்கள் என்றான். நம்பினார்கள். ஒரு ஜெர்மன்காரர் அது எந்தத் தூணருகே நின்றது என்று கேட்டுப் படமெடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் அடிவாரத்து ஊரிலிருந்து கடிதம் வந்தது. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு வியாழக்கிழமை வரவேண்டும் என்றிருந்தது. ஸுலைம், நானே பிக்கப்பில் கூட்டிப் போகிறேன் என்றான். வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டினான். மாதுளைத் தோட்டங்கள் தீர்ந்து, வெறும் பாறையும் ஆடுகளுமாகி, வெயில் நெருங்கி வந்தது. அன்று சந்தை நாள். வட்டமாகக் குந்தியிருந்தவர்களுக்கு நடுவே ஆட்டுக்காரர்கள் ஆடுகளை இழுத்துக்கொண்டு ஓட, வாங்குகிறவர்கள் ஓடுகிற ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நிறுத்தி எனக்குக் குங்குமப்பூ போட்ட அல்வா வாங்கிக் கொடுத்தான். முப்பத்தொரு வருஷத்தில் அவன் எனக்கு அல்வா கொடுத்தது அதுதான் முதல்தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாயில் அல்வா இருக்கும்போது சந்தேகம் வருவதில்லை.

அதிகாரி ஒரு பெண், பெயர் ரய்யா. என் பேத்தி வயது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். கோட்டையில் இனிமேல் ஒரே ஒரு வழிகாட்டிதான், பள்ளிப் பிள்ளைகள் வருவதால் சரித்திரத்தைப் பலகையில் எழுதி வைக்கப்போகிறோம், பொய் கலக்கக் கூடாது என்றாள். நல்ல யோசனை என்றேன். பிறகு ஒரு தாளை எடுத்து வாசித்தாள். ஒன்று, பீரங்கிக் குண்டு. இரண்டு, நாளைய தண்ணீரை இன்றே இறைத்துக் கொடுக்கும் கிணறு. மூன்று, எதிரிகளை எண்ணிச் சொன்ன பூனை. இப்படி இருபத்து மூன்று. அவற்றில் பலவும் பொய்யென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். இன்னொருவன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். வழிகாட்டி வேலை அவனுக்கு என்று போன மாதமே முடிவாகிவிட்டதாம். இவையெல்லாம் பொய், இனிமேல் சொல்ல மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் வாசலில் கஹ்வா ஊற்றிக்கொண்டு இருக்கலாம். போடாவிட்டால் வீட்டில் ஊற்றிக்கொள்ளலாம்.

“நான்தான் எழுதிக் குடுத்தேன், கல்ஃபான். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அங்க இருக்கணுமில்ல” என்றான் ஸுலைம், முழங்காலைப் பார்த்தபடியே.

இருக்க வேண்டியதுதான். நான் பேனாவைக் கேட்டேன். பீரங்கிக்குக் கையெழுத்துப் போட்டேன், கிணற்றுக்குப் போட்டேன். பூனைக்குப் போடும்போது கொஞ்சம் வலித்தது. பத்தொன்பதாவதில் கை நின்றுவிட்டது.

பத்தொன்பது, சின்னக் கதவைத் திறந்த ஜின். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது வாய்க்கால் தண்ணீருக்காக மேலூர்க்காரர்களோடு சண்டை நடந்தது. ஊரே கோட்டைக்குள் இருந்தது. ஒரு விடியலில் சின்னக் கதவு உள்ளிருந்து திறந்து கிடக்க, மேலூர்க்காரர்கள் நுழைந்தார்கள். எங்களில் இருவர் செத்தார்கள். காவலில் இருந்தவர் என் வாப்பா. தூங்கிவிட்டார் என்று ஊர் சொன்னது. தூங்குமூஞ்சி மகன் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தது. வாப்பா தூங்கவில்லை. கதவைத் திறந்தவரைக் கண்ணால் பார்த்தார். அவர் பெயரைச் சொன்னால் ரத்தப்பழி ஆரம்பித்து இன்னும் பல வீடுகளில் ஆண்பிள்ளை மிஞ்சாது என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு தூங்குமூஞ்சியாகவே இருந்தார். சாகும்போது எனக்கு மட்டும் சொன்னார். திறந்தவர் ஸுலைமின் வாப்பா. அது ஸுலைமுக்குத் தெரியாது. என் வாப்பாவின் மானத்துக்கும் சேதம் வராமல், அவன் வாப்பாவின் மானத்துக்கும் சேதம் வராமல் ஒரு ஜின்னைப் பிடித்துவந்து அந்தக் கதவடியில் நிறுத்தினேன். நான் கட்டியவற்றில் ஸுலைம் உதைத்துப் பார்க்காத பொய் அது ஒன்றுதான். அதையும் என் மற்றப் பொய்களைப் போல ஒன்று என்று நினைத்து எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ரய்யா நான் நிறுத்தியதைப் பார்த்துவிட்டாள். “பெரியப்பா, ஜின் இல்லன்னா, அந்தக் கதவத் திறந்தது யாரு? பலகைல ஏதாவது எழுதணுமே.”

எனக்கு எதிரே திறந்த பேனா இருந்தது. பக்கத்தில் அல்வா கொடுத்தவன் இருந்தான். ஒரே ஒரு பெயர். சொன்னால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைப்பார்கள், தினமும் வருகிறவர்களுக்கெல்லாம் அவன் தன் வாயாலேயே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். இதைவிடச் சுகமான பழி எங்கள் மலையில் யாருக்கும் வாய்த்ததில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

“ஜின்னுதாம்மா” என்றேன். “எங்க வாப்பா கண்ணால பார்த்தாரு.”

ஸுலைம் சிரித்தான். எழுதிக் கொடுத்த குற்றத்தின் பாரம் கொஞ்சம் இறங்கிவிட்டதைப் போல, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு வந்திருக்காவிட்டால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன்.

“எப்படி இருந்துச்சாம்?” என்று ரய்யா கேட்டாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள்.

“குட்டை. ஒரு கால் நொண்டும். இடது காதுல பாதி இல்ல, ஒட்டகம் கடிச்சது. தும்மினா நாலு தடவை தும்மும், அஞ்சாவதுக்குக் காத்திருந்து ஏமாந்துபோகும். அதுக்குக் கைப்பிள்ளை ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், மேலூர்ல மட்டும்தான் வைத்தியர் இருந்தாரு.”

நொண்டலும் காதும் தும்மலும் நாங்கள் இருவரும் பார்த்து வளர்ந்தவை. கடைசியில் சொன்ன காய்ச்சல் வாப்பா சொன்னதா நான் சேர்த்ததா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. ரய்யா சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் சிரிப்பு நின்றிருந்தது. முழங்காலைத் தடவிய கை அப்படியே இருந்தது. பத்தொன்பதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். ஒன்று குறைந்தாலும் செல்லாது என்றாள், வருத்தத்தோடுதான் சொன்னாள். பரவாயில்லை மகளே என்று எழுந்தேன்.

 திரும்பும்போது நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில், சாலை கொஞ்ச தூரம் சமமாகப் போகும் இடத்தில் ஸுலைம் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இறங்கி ஒரு கல்லை எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தான். ஏற்றத்தில் வைப்பார்கள், அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிறகு இன்னொரு கல், அதன்பிறகு மூன்றாவது கல் கொண்டுவந்தான்.

முன்சக்கரத்தடியில் குனிந்திருந்தபோது கேட்டான். “கல்ஃபான், அந்த ஜின்னு எந்தக் கால் நொண்டும்?”

பின்னால் ஒரு ஆட்டுலாரி வந்து, வழியில்லாமல் நின்று, ஹாரன் அடித்தது. லாரிக்குள்ளிருந்து ஆடுகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. ஸுலைம் நிமிரவில்லை. நான்காவது சக்கரத்துக்குப் பொருத்தமான கல்லைத் தேடி, வெயிலில், சாலையோரமாகக் குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தான்.