எட்டுப் பேருக்கு ஒரு காது

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு என் அண்ணன் சம்மட்டியை ஓங்கி முதல் ஹாப்பரின் வயிற்றில் ஒரு போடு போட்டால்தான் எங்களுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. ஹாப்பர் என்பது பெரிய இரும்புக் கூம்பு. அனல்மின் நிலையத்துக் கொதிகலனில் நிலக்கரி எரிந்து, புகையோடு பறக்கிற சாம்பலைப் பிடித்து அதில்தான் இறக்குவார்கள். எங்கள் தலைக்கு மேல் வரிசையாகப் பதினாறு தொங்கும். உள்ளே சாம்பல் நிற்கிறதா என்று காட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். பதினாறும் செத்து மூன்று வருடம் ஆயிற்று. மீட்டருக்குப் பதில் என் அண்ணன். அடித்தால் ‘டங்’ என்று நீளமாக ஒலித்தால் காலி. ‘தொப்’ என்று அமுங்கினால் சாம்பல் நிற்கிறது. காலி என்றால் கீழ்க்கதவைத் திறந்து, வாயை அடைத்திருக்கும் கட்டியைக் கம்பியால் குத்தி எடுக்கலாம். நிற்கிறது என்றால் கதவில் கை வைக்கவே கூடாது. சூட்டோடு வெளியே வந்தால் சாம்பல் தண்ணீர் மாதிரி ஓடும்.

கம்பியால் குத்துகிறவர் என் வீட்டுக்காரர். கீழே சிந்தியதைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, வாரிக் கொட்டுவது நான். எங்கள் கூட்டத்தில் ஆண்கள் எட்டுப் பேர், பெண் நான் ஒருத்தி. பக்கத்துக் கூடத்தில் நிலக்கரி அரைக்கும் மில்கள் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். நாங்கள் ஓயாமல் சண்டை போடுவதாக அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் எங்கள் நிலையத்துக்கு ராஜ மரியாதை. அடுத்த முப்பது வருடத்துக்கு நாட்டுக்கு மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது என்று அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டிருந்தது. நிலக்கரியா, வெயிலும் காற்றுமா, அணுவா என்று ஊர் ஊராகக் கூட்டம் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். டிவியில் கோட்டுப் போட்டவர்கள் அடித்துக்கொண்டதில் பாதியாவது எங்கள் ஷெட்டிலும் நடந்தது.

“வெயிலுக்கு மாறிட்டா நம்ம பொழப்பு போச்சு” என்றார் நெட்டை. ஏணி இல்லாமலே ஹாப்பர் வால்வை எட்டிப் பிடிக்கிற ஆள் அவர்.

“நிலக்கரியே இருந்தா நெஞ்சு போச்சு. எது போனா பரவாயில்லன்னு சொல்லு, கமிட்டிக்கு எழுதிப் போட்டுடலாம்” என்றார் வெல்டர்.

“அணுதான் இருக்கே. ஒரு வாளிச் சரக்குல ஊருக்கே வெளிச்சமாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதுக்குச் சாம்பல் உண்டா?” என்று கேட்டார் நெட்டை.

“உண்டாம். பெட்டியில போட்டுப் பூட்டிப் பத்தாயிரம் வருஷம் காவல் காக்கணுமாம்.”

“ஐயோ, அந்த வேலையை நம்ம காண்ட்ராக்டர் கையில கொடுத்துடாதீங்கப்பா. பத்தாயிரம் வருஷமும் நம்மள தற்காலிகமாவே வெச்சிருப்பான்!”

சிரித்தோம். சிரித்தால் வாய்க்குள் சாம்பல் போகும் என்று தெரிந்தும் சிரித்தோம்.

கமிட்டி சுற்றிப் பார்க்க வருகிறது என்பதால் அன்று காலையில் காண்ட்ராக்டர் எல்லோருக்கும் புதுத் தொப்பி, பச்சைச் சட்டை, தடித்தடியாகக் கையுறை கொடுத்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் கையுறை. அண்ணன் வாங்கவில்லை.

“இது வேணாம் சார், சம்மட்டி பிடிக்க வராது.”

“போட்டோ எடுக்க வர்றாங்கய்யா. போட்டா உள்ள இரு, கழட்டினா வெளிய போ.”

அண்ணன் போட்டுக்கொண்டார். ஆறு ஹாப்பர் முடிந்தது. ஏழாவதில் ஒரு அடி அடித்தார். தலையைச் சாய்த்தார். இன்னொன்று. மூன்றாவதும் அடித்தார். அவர் மூன்று அடி அடித்து நான் பார்த்ததே இல்லை.

“காலி. தொறங்க மாப்பிள்ள!”

பத்தடி தள்ளிக் குழாயோடு நின்ற என் காதில் விழுந்தது ‘தொப்’. சத்தியமாக விழுந்தது. ஆனால் அண்ணன் காலி என்கிறாரே, பதினாறு வருட அனுபவத்துக்கு முன்னால் நான் யார் என்று வாயைத் திறக்காமல் நின்றேன்.

கதவு திறந்ததும் சாம்பல் சத்தமே இல்லாமல் வந்தது. என் வீட்டுக்காரர் இடுப்புவரை அதற்குள் நின்றார். தோளைப் பிடித்து இழுத்தோம். இழுத்த பிறகுதான் அவர் அலறினார்.

மருத்துவமனையில் இரண்டு காலிலும் தொடைவரை கட்டுப் போட்டார்கள். ஒரு மாதமா ஒரு வருடமா, நடப்பாரா மாட்டாரா, எதையும் டாக்டர் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மச்சான் சாப்பிட்டாரா?” என்பதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கமிட்டியை வேறு பக்கமாகச் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டு, மத்தியானம் காண்ட்ராக்டர் ஆப்பிள் பையோடு வந்தார். நடையில் என்னை நிறுத்தி ஒரு தாளை நீட்டினார்.

“ஒரு கையெழுத்துப் போடும்மா.”

“என்ன சார் எழுதியிருக்கு?”

“உன் அண்ணன் காது கேக்காததை மறைச்சு வேலை பார்த்தான். அதனாலதான் உன் புருஷனுக்கு இப்படி ஆச்சு. நடந்ததுதானே?”

“மீட்டர் மூணு வருஷமா ஓடல. அதைக் காணோமே சார்.”

“அதை எழுதினா கமிட்டிக்குப் போகும். ஏற்கனவே எதைச் சாக்கு வெச்சு மூடலாம்னு பார்த்துக்கிட்டிருக்கான். நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். மூடிட்டா முந்நூறு குடும்பம் தெருவுக்கு வரும். யாரால? உன்னால. தாங்குவியா?”

“போடலன்னா?”

“போட்டா வைத்தியத்தைக் கம்பெனி பார்க்கும். போடலன்னா உன் அண்ணனே பார்த்துக்கட்டும்.” குரலைத் தணித்துக்கொண்டார். “நாளைக்கு மேடையில நீயே ரெண்டு வார்த்தை பேசணும். நாங்க நல்லாயிருக்கோம், நிலக்கரி வேணும்னு. பொம்பள பேசினா எடுபடும்.” பேச வேண்டியதை எழுதிய சீட்டு ஒன்றையும் கையில் திணித்தார்.

அவர் முகத்தில் அந்தத் தாளைக் கிழித்து எறிந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். “நாளைக்குச் சொல்றேன் சார்” என்றுதான் சொன்னேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

“ஏன்ணே காலின்னு சொன்னீங்க?”

அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். “காதால கேட்டு ரெண்டு வருஷமாச்சும்மா. கையாலதான் பார்த்துக்கிட்டிருந்தேன். காலின்னா அடிச்சதும் சம்மட்டிப் பிடி உள்ளங்கையில ரொம்ப நேரம் நடுங்கும். நிறைஞ்சிருந்தா உடனே அடங்கிடும். ஒருநாளும் தப்பினதில்ல. இன்னிக்கு அந்த உறை… ஒண்ணுமே தெரியலம்மா. ஏழாவது அந்த நேரத்துல எப்பவும் காலியாத்தான் இருக்கும். அந்த நம்பிக்கையில சொல்லிட்டேன்.”

“தெரியலன்னு சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா ஏன் தெரியலன்னு கேப்பாங்க.”

அடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் ஓங்கும் கை எனக்கு இல்லை. ஏனென்றால் அவரைப் போன வருடக் காது டெஸ்டில் தேற வைத்தவளே நான்தான்.

வருடத்துக்கு ஒருமுறை முதலுதவி அறையில் அந்த டெஸ்ட் நடக்கும். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, டெஸ்ட் பண்ணுகிறவர் ஆளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். சத்தம் வரும்போது விரலைத் தூக்க வேண்டும். அழுத்தும்போதெல்லாம் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. நான் எதிரே துடைப்பத்தோடு நின்று, விளக்கு எரிந்தால் கண்ணைச் சிமிட்டுவேன். விரல் தூக்குவார்கள். அண்ணனுக்கு மட்டுமில்லை, என் வீட்டுக்காரருக்கும் நெட்டைக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் நான்தான் காது. தேறாவிட்டால் வேலை கிடையாது என்பதால் உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். எட்டுப் பேரும் தேறினார்கள். அந்த வருடம் நிலையத்துக்குப் பாதுகாப்புக் கேடயம்கூடக் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கூடினோம். தாளை நடுவில் வைத்தேன். வெல்டர் உரக்கப் படித்தார். அவருக்குத்தான் காது கொஞ்சம் மிச்சம்.

நெட்டை மனதில் இருந்ததை மறைக்கவில்லை. “கையெழுத்துப் போட்டுடும்மா. உன் அண்ணன் ஒருத்தரோட போயிடும். நமக்கு வேலை நிக்கும், மாப்பிள்ளைக்கு வைத்தியம் நடக்கும்.”

“நாளைக்குச் சம்மட்டியை யார் கையில கொடுப்பான்?” என்றார் வெல்டர்.

அண்ணனுக்கு அடுத்து அதிக வருடம் ஆனவர் நெட்டைதான்.

“மீட்டரைப் பத்திச் சொன்னா மூடிடுவான். சொல்லலன்னா இன்னொருத்தன் வேகணும். வெயிலு வந்தா நம்மளக் கூப்பிடவே மாட்டான். எந்தப் பக்கம் போனாலும் நமக்குத்தானேடா அடி?” நெட்டையின் குரல் உடைந்தது. “கமிட்டி என்னடான்னா எந்தக் கரண்ட் புடிக்கும்னு கேக்குது.”

டீ ஆறிப் போனது. கடைசியில் கூட்டத்துக்குப் போவோம், எல்லோரும் ஒன்றாகப் போவோம் என்று மட்டும் முடிவாயிற்று. அதற்கு மேல் எங்களுக்கு யோசனை ஓடவில்லை.

மண்டபத்தில் ‘நாட்டின் நாளைய மின்சாரம்’ என்று பெரிதாகக் கட்டியிருந்தார்கள். வெயில் மின்சாரத்துக்காகப் பேசிய இளைஞர் புகையால் சாகும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அதில் எனக்குப் பொய்யாக எதுவும் படவில்லை. அணுவுக்காகப் பேசிய பொறியாளர் அம்மா, காற்று நின்று இருட்டிய நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் நிலைய மேலாளர் எழுந்தார். “மூன்று ஆண்டுகளாக எங்கள் நிலையத்தில் ஒரு சிறு விபத்துகூட இல்லை” என்றார். முன்வரிசை கைதட்டியது.

காண்ட்ராக்டர் என் முழங்கையைத் தட்டினார். “போம்மா. எழுதிக் கொடுத்ததை அப்படியே படி.”

மைக் முன்னால் போய் நின்றேன். அவர் எழுதிக் கொடுத்ததை எடுக்கவில்லை. இடுப்பில் இருந்த தாளை எடுத்தேன்.

“என் வீட்டுக்காரர் நேத்து ஹாப்பர் சாம்பல்ல வெந்துட்டார். மீட்டர் மூணு வருஷமா செத்துக் கிடக்கு. காது கேக்காத என் அண்ணனைத்தான் மீட்டரா வெச்சிருக்காங்க. அந்தக் காதைத் தின்னது உங்க மில்லு. டெஸ்ட்ல ஏமாத்தி அவரைத் தேற வெச்சது நான். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா தப்பு மொத்தமும் அவருதுன்னு எழுதின இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

காண்ட்ராக்டர் எழுந்தார். கமிட்டித் தலைவர் மணியை அடித்தார். நான் நிறுத்தவில்லை.

“எந்தக் கரண்ட் வேணும்னு கேக்குறீங்க. வெயிலுன்னா அந்தக் கண்ணாடியத் துடைக்க எங்களத்தான் கூப்பிடுவீங்க. அணுன்னா அந்தத் தரையைத் துடைக்கவும் நாங்கதான் வரணும். அங்கயும் ஒருநாள் மீட்டர் சாகும். அப்ப எங்கள்ல யாரை மீட்டரா வெப்பீங்க? அதை எழுதிக்குங்க முதல்ல.”

“அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது” என்றார் தலைவர். நல்ல மனிதர்தான், முகத்தில் தெரிந்தது. “ஆனால் இது இன்றைய பொருளுக்கு வெளியே இருக்கிறது. குறிப்பில் ஏற்ற முடியாது. ஒரு தொழிலாளியின் காதுக் குறை மருத்துவ விஷயம்.”

குறிப்பெடுப்பவர் பேனாவை மூடிவிட்டார். இவ்வளவுதானா, வீட்டுக்காரர் வெந்ததும் அண்ணன் செவிடானதும் ஒரு வரிகூடப் பெறாதா என்று நின்றேன்.

அப்போது பின்வரிசையில் வெல்டர், தலைவர் சொன்னதை நெட்டையின் காதோடு வாய் வைத்துக் கத்தினார். நெட்டை எழுந்தார். அவ்வளவு உயரமும் நிமிர்ந்து நின்று, “எனக்கும் கேக்காது! போன வருஷம் தேறினேன். பொய்!” என்றார். பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். வெல்டர் எழுந்தார். எங்கள் ஆள் ஏழு பேரும் நின்றதும், அந்தப் பக்கம் நிலக்கரி ஏற்றும் கன்வேயரில் வேலை செய்யும் பெண்கள் நான்கைந்து பேர் எழுந்தார்கள். அவர்களை எனக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

நாளைக்கு எங்களில் யாருக்கும் வேலை இருக்காது. வைத்தியத்துக்கு வழி இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

“உட்காருங்கள்” என்றார் தலைவர். மணி அடித்தார். “தயவுசெய்து உட்காருங்கள்.”

யாரும் உட்காரவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று அண்ணன் அங்கிருந்து கையாட்டி என்னைக் கேட்டார்.

“உக்காரச் சொல்றாங்கண்ணே!” மில் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரலில் கத்தினேன். மண்டபம் முழுக்க அதிர்ந்தது.

புரிந்தது என்று அண்ணன் தலையாட்டினார். உட்காராமல் நின்றார்.