வேலிக்கு அந்தப் பக்கத்து நெத்திலி

பூங்காவனத்தின் கணவர் மருதமுத்து, மீனில்லாமல் ஒரு கவளம் சோறு இறக்காத மனிதர். அப்பேர்ப்பட்டவர், இரண்டு வயதாகியும் மகள் சந்திரமதி எழுந்து நிற்கவில்லையே என்று மாரியம்மன் கோயிலில் போய் நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். "என் மக நடக்குற வரைக்கும் என் வீட்டு அடுப்புல மீன் வேகாது தாயே." ஆறு மாதமாக வீட்டில் கத்தரிக்காயும் கீரையும்தான். பிள்ளை நடக்கிற வழியாக இல்லை, அவர்தான் இளைத்துப்போனார்.

மலாயாவின் விடுதலை நாளான மெர்டேக்காவுக்கு முந்தின மாதம் பூங்காவனம் பிள்ளையை கிளினிக்குக்குத் தூக்கிப்போனாள். அங்கிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி காலை அழுத்திப் பார்த்தாள்.

"எலும்புல சத்தே இல்லம்மா. நெத்திலிய முள்ளோட இடிச்சு, தெனம் கஞ்சியில போட்டுக் குடுங்க. மீனே குடுக்காம புள்ள எப்படி நடக்கும்?"

பூங்காவனத்துக்குத் தலை சுற்றியது. நடந்தால்தான் வீட்டில் மீன். மீன் தின்றால்தான் நடை. அம்மனைப் பகைத்துக்கொள்ள முடியுமா? மிஸ்ஸி பொய் சொல்லுவாளா? கணவரிடம் கேட்டாள்.

"சாமி குத்தமாயிடும் புள்ள," என்று அவர் அத்தோடு முடித்துவிட்டார்.

மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். அவர் தன் வீட்டு அடுப்பைத்தானே சொன்னார்? வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டு ஹலீமாவின் அடுப்பாயிற்றே.

"அக்கா, புள்ளைக்கு மட்டும் நெத்திலிக் கஞ்சி காய்ச்சித் தருவீங்களா? அவருக்குத் தெரியக் கூடாது."

"காலையில தூக்கிட்டு வா," என்றாள் ஹலீமா.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் இவர்கள் வேலி தாண்டினார்கள். சந்திரமதி கிண்ணத்தை வழித்து நக்கினாள். பூங்காவனமோ வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் முகத்தையே பார்த்து நின்றாள். கோபமா, இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை. பயமாகத்தான் இருந்தது.

மெர்டேக்கா வந்து மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிறு காலை, பிள்ளை கதவைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். ஓரடி வைத்தாள். மருதமுத்து வாசலில் மண்டியிட்டு இரு கையையும் நீட்டினார்.

"ஆத்தா, காப்பாத்திட்டே," என்று அழுதார். பூங்காவனமும் அழுதாள். யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

பிள்ளை அப்பாவின் கைகளைக் கடந்தாள். தத்தித் தத்தி வேலி இடுக்கில் நுழைந்தாள். ஹலீமாவின் சமையல்கட்டு வாசலில் போய் நின்று, "ஆ" என்று வாயைத் திறந்தாள்.

நெத்திலிக் கஞ்சி மணம் மருதமுத்துவுக்கா தெரியாது? நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்தார். அது கோபமா, வேறேதுமா என்று அந்த முகத்திலும் பூங்காவனத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவதான் நடந்துட்டாளே. எனக்கும் ஒரு கிண்ணம் கேளு புள்ள."